+4, −1 மின்னூட்டங்கள்: மின்புலம் சுழியாகும் இடத்துக்கு ஏன் இரண்டு விடை வருகிறது?

கயல் (#1)

ஒரே கோட்டில் இரண்டு புள்ளி மின்னூட்டங்கள். இடப்பக்கம் +4 நானோகூலூம், அதற்கு வலப்பக்கம் 30 செ.மீ. தள்ளி −1 நானோகூலூம். நிகர மின்புலம் எந்த இடத்தில் சுழியாகும் என்பது கேள்வி.

+4-இலிருந்து தொலைவை 'த' என்று வைத்துக்கொண்டேன். இரண்டின் புலமும் சமமாக வேண்டும் அல்லவா? அதனால் 4/த² = 1/(30 − த)². தீர்த்தால் 20, 60 என இரண்டு விடைகள். புத்தகம் 60 மட்டும்தான் சரி என்கிறது. 20-ஐ ஏன் தள்ளினார்கள் என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை. தொலைவு எதிர்க்குறியில் வந்திருந்தால் தள்ளலாம், இங்கே இரண்டுமே நேர்க்குறி.

இன்னொன்று. −1-ஐ +1 ஆக்கினாலும் இதே சமன்பாடுதான் வருகிறது, இதே இரண்டு விடைகள்தான். ஆனால் அங்கே 20 சரியாம், 60 தவறாம்! இது எப்படி?

சுருள்கம்பி (#2)

ஒரே வகை மின்னூட்டம் என்றால் நடுவில். வேறு வேறு வகை என்றால் வெளியே. இரண்டிலும் சிறிய மின்னூட்டத்தின் பக்கம்தான் இருக்கும். இதை மனப்பாடம் செய்துகொண்டால் தேர்வுக்குப் போதும்.

திசைமானி (#3)

சுருள்கம்பி சொன்ன விதி சரிதான், ஆனால் மூன்றாவதாக ஒரு மின்னூட்டம் வந்து உட்கார்ந்தால் அது கைவிட்டுவிடும். கயல் கேட்டதற்கான காரணம் இதைவிட எளிது.

நீங்கள் எழுதிய சமன்பாடு "புலம் சுழி" என்று சொல்லவே இல்லை. "இரண்டு புலங்களின் எண்மதிப்பும் சமம்" என்று மட்டும்தான் சொல்கிறது. இருமடி எடுத்ததுமே திசை காணாமல் போய்விட்டது. எண்மதிப்பு சமமாகும் இடங்கள் கோட்டில் இரண்டு உண்டு, அவற்றைத்தான் சமன்பாடு நேர்மையாகக் கொடுத்திருக்கிறது. அந்த இடத்தில் அவை எதிரெதிராக இருக்கின்றனவா, ஒரே பக்கமாக இருக்கின்றனவா என்று அதற்குத் தெரியாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

திசைக்கு ஒரே விதிதான். நேர் மின்னூட்டத்தின் புலம் அதை விட்டு விலகும் பக்கம், எதிர் மின்னூட்டத்தின் புலம் அதை நோக்கி வரும் பக்கம். எண்மதிப்புக்கு 9 × 10⁹ × மின்னூட்டம் ÷ தொலைவின் இருமடி. இந்த வாய்பாட்டில் மின்னூட்டத்தின் குறியைப் போடவே கூடாது. குறியின் வேலை திசையைச் சொல்வதோடு முடிந்துவிட்டது. பாதிப் பேர் இரண்டிலும் போட்டுக் குழம்புகிறார்கள்.

இப்போது 20 செ.மீ. இடத்தைப் பாருங்கள். +4-இன் புலம் 36 ÷ 0.04 = 900 நியூட்டன்/கூலூம், வலப்பக்கம் (விலகி). (9 × 10⁹ × 4 × 10⁻⁹ = 36, தொலைவு மீட்டரில்.) −1 அங்கிருந்து 10 செ.மீ.; அதன் புலம் 9 ÷ 0.01 = 900, அதுவும் வலப்பக்கம் (−1-ஐ நோக்கி). மொத்தம் 1800. இரண்டு பேர் ஒரே பக்கம் நின்று தள்ளினால் வண்டி நிற்குமா?

60 செ.மீ. இடத்தில் +4-இன் புலம் 36 ÷ 0.36 = 100, வலப்பக்கம். −1-இன் புலம் 9 ÷ 0.09 = 100, இடப்பக்கம். நிகரம் சுழி.

−1-ஐ +1 ஆக்கினால் இரண்டாவது அம்பு மட்டும் எல்லா இடத்திலும் திரும்பிக்கொள்ளும். அப்போது 20-இல் சுழி, 60-இல் 200. உங்கள் சமன்பாடு இரண்டு கணக்குக்கும் பொது. எந்த விடை யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது திசை.

கயல் (#4)

இப்போது புரிகிறது, நன்றி அண்ணா. அப்படியானால் +4-க்கு இடப்பக்கம்? அங்கேயும் அம்புகள் எதிரெதிர்தானே? +4-இன் புலம் இடப்பக்கம், −1-இன் புலம் வலப்பக்கம். அங்கே ஏன் ஒரு சுழிப் புள்ளி இல்லை?

திசைமானி (#5)

திசை ஒத்துவருகிறது, வலிமை ஒத்துவரவில்லை. +4-க்கு இடப்பக்கம் எங்கே நின்றாலும் +4 பக்கத்தில் இருக்கிறது, பெரியதாகவும் இருக்கிறது. −1 தூரத்திலும் இருக்கிறது, சிறியதாகவும் இருக்கிறது. 10 செ.மீ. இடப்பக்கம் போய்ப் பாருங்கள்: 3600-க்கு எதிராக வெறும் 56. எவ்வளவு தூரம் போனாலும் −1 ஈடுகொடுக்கவே முடியாது.

அரைவட்டம் (#6)

கோட்டின் மேல் எல்லாம் சரி. கோட்டுக்கு வெளியே இருக்கும் புள்ளிக்கு என்ன செய்வது? அங்கே அம்புகள் எதிரெதிராகவும் இல்லை, ஒரே பக்கமாகவும் இல்லை. வகுப்பில் இருமுனைக்கு (சம அளவுள்ள ஒரு நேர், ஓர் எதிர் மின்னூட்டம் கொண்ட இணை) மட்டும் செய்து காட்டினார்கள், அதிலும் சமச்சீர் இருந்ததால் பாதி தானாக அடிபட்டுப் போய்விட்டது.

நிலைமின் (#7)

இதே மின்னூட்டங்களை வைத்தே செய்வோம். −1-க்கு நேர் மேலே 40 செ.மீ. உயரத்தில் ஒரு புள்ளி. அங்கிருந்து −1 40 செ.மீ., +4 சரியாக 50 செ.மீ. (30, 40, 50 முக்கோணம், வேண்டுமென்றேதான் எடுத்தேன்.)

முதலில் +4 மட்டும் இருப்பதாக நினையுங்கள். −1-ஐ முழுக்க மறந்துவிடுங்கள். புலம் 36 ÷ 0.25 = 144, +4-ஐ விட்டு விலகிச் சாய்வாக மேலே. அதன் கிடைக்கூறு 144 × 0.6 = 86.4 வலப்பக்கம், செங்குத்துக்கூறு 144 × 0.8 = 115.2 மேலே.

இப்போது +4-ஐ மறந்துவிட்டு −1. புலம் 9 ÷ 0.16 = 56.25, நேர் கீழே. கிடைக்கூறு கிடையாது.

கூறுகளைத் தனித்தனியாகக் கூட்டினால் வலப்பக்கம் 86.4, மேலே 58.95. நிகர எண்மதிப்பு ஏறத்தாழ 104.6 நியூட்டன்/கூலூம், கிடைக்கோட்டிலிருந்து சுமார் 34° மேல்நோக்கி.

144-ஐயும் 56.25-ஐயும் நேரடியாகக் கூட்டினால் 200 வரும், கழித்தால் 88 வரும். இரண்டும் இந்தப் புள்ளிக்குச் சம்பந்தமே இல்லாத எண்கள். கோட்டுக்கு வெளியே வந்துவிட்டால் எண்மதிப்புகளைக் கூட்டும் பேச்சே கிடையாது, கூறுகளைத்தான் கூட்ட வேண்டும். விடை வந்ததும் கையால் ஒரு படம் போட்டுப் பாருங்கள்: சாய்வாக மேலே போகும் நீள அம்பை, கீழே இழுக்கும் குட்டை அம்பு கொஞ்சம் தாழ்த்துகிறது. +4-இன் அம்பு தனியாக 53° சாய்வில் இருந்தது, நிகர அம்பு 34°-க்கு இறங்கிவிட்டது. பொருந்துகிறது.

குமிழ் (#8)

ஒரு சந்தேகம். 60 செ.மீ. புள்ளிக்கும் +4-க்கும் நடுவில் −1 குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. அப்படியிருக்க +4-இன் புலம் அதைத் தாண்டி எப்படிப் போகும்? புலத்தின் திசையைக் காட்ட வரையும் புலக்கோடுகள் +4-இலிருந்து கிளம்பி −1-இல் போய் முடிந்துவிடுகின்றன என்றுதானே படத்தில் போடுகிறார்கள்? அங்கே முழு 100-ஐயும் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்? என் பார்வையில் −1 கொஞ்சம் மறைக்கத்தான் வேண்டும்.

நிலைமின் (#9)

மறைக்காது. மேற்பொருந்துதல் தத்துவம் சொல்வது இதைத்தான்: ஒரு மின்னூட்டத்தின் புலம், வேறு மின்னூட்டங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே அளவுதான். −1 செய்வதெல்லாம் தன் பங்கைக் கூட்டுவது மட்டும். 60 செ.மீ. இடத்தில் நிகரம் சுழி என்றால் இரண்டு புலங்களும் முழுதாக அங்கே வந்து சேர்ந்திருக்கின்றன, வந்து ஒன்றை ஒன்று ஈடுசெய்கின்றன.

நீங்கள் சொல்லும் கோடுகள் நிகரப் புலத்தின் கோடுகள். +4-இன் கோடுகள் என்று தனியாக அதில் எதுவும் இல்லை. கூட்டி முடித்த பிறகு வரைந்த படத்தைப் பார்த்து, கூட்டுவதற்கு முன் என்ன நடந்தது என்று ஊகிக்கக் கூடாது.

குமிழ் (#10)

அப்படியென்றால் உலோகக் கூண்டு? அது மறைக்கிறதே! ஃபாரடே 1836-இல் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்து காட்டினாரே, வெளியே எவ்வளவு மின்னூட்டம் ஏற்றினாலும் உள்ளே ஒன்றும் இல்லை என்று. மேற்பொருந்துதல் அங்கே வேலை செய்யவில்லையா?

திசைமானி (#11)

நல்ல கேள்வி. அங்கேயும் வேலை செய்கிறது. வெளியிலுள்ள மின்னூட்டத்தின் புலம் உலோகத்தைத் தாண்டி உள்ளே வரத்தான் செய்கிறது. ஆனால் உலோகத்தில் எலக்ட்ரான்கள் நகரக்கூடியவை. அவை ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் குறைந்து, தங்கள் பங்குக்கு ஒரு புலத்தை உண்டாக்குகின்றன. எதுவரை நகரும்? உலோகத்துக்குள் நிகரப் புலம் சுழியாகும்வரை. அதற்கு மேல் அவற்றைத் தள்ள விசை இல்லை, நின்றுவிடும். அப்படி நிற்கும் நிலையில், மூடிய கூண்டின் வெற்றிடத்துக்குள்ளும் நிகரம் சுழிதான்.

ஆக உலோகம் தடுப்பதில்லை, எதிர்ப்புலம் ஒன்றைச் சேர்க்கிறது. ஒற்றை −1 புள்ளி மின்னூட்டத்துக்கு அப்படி இடம்மாற்றிக்கொள்ள உள்ளே எதுவும் இல்லை. அதனால்தான் அது கோட்டில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஈடுசெய்கிறது.

சுருள்கம்பி (#12)

புலம் சுழி என்றால் அங்கே மின்னழுத்தமும் சுழிதானே? ஒருசொல் விடைக்கு அடிக்கடி வரும் கேள்வி.

நிலைமின் (#13)

இல்லை. அழுத்தத்துக்குத் திசை கிடையாது, வெறும் எண். அங்கே குறியைப் போட்டே கூட்ட வேண்டும். 60 செ.மீ. இடத்தில் +4-இன் அழுத்தம் 36 ÷ 0.6 = 60 வோல்ட், −1-இன் அழுத்தம் −9 ÷ 0.3 = −30 வோல்ட். நிகரம் 30 வோல்ட்.

மறுபக்கம், அழுத்தம் சுழியாகும் இடங்களில் ஒன்று 24 செ.மீ.: 150-இலிருந்து 150 கழிந்து சுழி. அங்கே புலம் 625 + 2500 = 3125 நியூட்டன்/கூலூம்! புலம் என்பது அழுத்தம் இடத்துக்கு இடம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது. மாறும் வேகத்துக்கும் அந்த இடத்து மதிப்புக்கும் ஒட்டு உறவு இல்லை. நியூட்டன்/கூலூம் என்பதை வோல்ட்/மீட்டர் என்றும் எழுதுவது இதனால்தான்.

வரைபலகை (#14)

கோடுகள் பற்றிய பேச்சு வந்ததால் கேட்கிறேன். "கோடுகள் நெருக்கமாக இருந்தால் புலம் வலிமை, கோடுகளின் எண்ணிக்கை மின்னூட்டத்துக்கு நேர்த்தகவு" என்று படித்தேன். அதன்படி +4-இலிருந்து 12 கோடுகள் சமமாகப் பிரித்து வரைந்தால் −1-இல் 3 முடிய வேண்டும், மீதி 9 வெளியே போக வேண்டும். சிறிய நிரல் ஒன்று எழுதி, ஒவ்வொரு கோட்டையும் புலத்தின் திசையில் நகர்த்தி வரைந்து பார்த்தேன். 15°, 45°, 75° என்று 30° இடைவெளியில் தொடங்கினேன். −1-இல் வந்து முடிவது 4 கோடுகள்! புலக் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாயிற்று, அதில் பிழை இல்லை.

திசைமானி (#15)

உங்கள் நிரல் சரி. படம்தான் பொய் சொல்கிறது. இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

கோடுகளின் நெருக்கம் வலிமையைக் காட்டும் என்பது முப்பரிமாணத்தில் மட்டும் உண்மை. ஒரு புள்ளி மின்னூட்டத்தைச் சுற்றிக் கோளம் போல எல்லாப் பக்கமும் கோடுகள் கிளம்பினால், தொலைவு இரு மடங்கானால் கோளத்தின் பரப்பு நான்கு மடங்காகும். ஒரு சதுர மீட்டரைக் கடக்கும் கோடுகள் நான்கில் ஒன்றாகும். புலமும் அப்படியே குறைகிறது, பொருத்தம். தாளில் வரைந்தாலோ கோளம் இல்லை, வட்டம்தான். தொலைவு இரு மடங்கானால் சுற்றளவும் இரு மடங்குதான், கோடுகளின் நெருக்கம் பாதியாகத்தான் குறையும். உண்மையான புலத்தைவிடப் படம் மெதுவாகக் குறைகிறது.

உங்கள் 4 கோடுகளுக்கும் இதுவே காரணம். +4-இலிருந்து கிளம்பும் மொத்தப் பாயத்தில் (முப்பரிமாணத்தில் எல்லாக் கோடுகளும் சேர்ந்த அளவில்) நான்கில் ஒரு பங்கு −1-க்குப் போக வேண்டும். அந்தப் பங்கு +4-ஐச் சுற்றி எந்தக் கோணத்துக்குள் அடங்கும்? முழுக் கோளத்தின் நான்கில் ஒரு பங்கு திண்மக் கோணம் (முப்பரிமாணக் கோண அளவு) கொண்ட கூம்பின் அரைக்கோணம் 60°, ஏனென்றால் (1 − கொசைன் 60°) ÷ 2 = 1/4. −1-ஐ நோக்கிய அச்சிலிருந்து 60°-க்குள் கிளம்புபவை −1-இல் முடியும், மற்றவை வெளியே ஓடும். கோளத்தில் அது நான்கில் ஒன்று. தாளில் மேலே 60°, கீழே 60°, மொத்தம் 120°. அது 360°-இல் மூன்றில் ஒன்று. 12 கோடுகளில் 4. உங்கள் 15°, 45° கோடுகள் மேலும் கீழுமாக உள்ளே அகப்படுகின்றன, 75° தப்பிவிடுகிறது.

அந்த 60° எல்லைக்கோடு எங்கே போகிறது தெரியுமா? வளைந்து வந்து கயலின் சுழிப் புள்ளியில்தான் சேர்கிறது.

புத்தகப் படங்களில் 3 கோடுகள் அழகாக முடிவது போல வரைகிறார்கள் என்றால் எங்கோ கையால் வளைத்திருக்கிறார்கள். கோடுகளைத் திசைக்கு நம்புங்கள். வலிமைக்கு வாய்பாட்டிடம் போங்கள்.

வரைபலகை (#16)

60° என்று மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். கோடு 60 செ.மீ. புள்ளி அருகே வந்து தடுமாறுகிறது, 59.9°-க்கும் 60.1°-க்கும் பாதை முற்றிலும் வேறு. அருமை!

கயல் (#17)

அந்தச் சுழிப் புள்ளியில் ஒரு சிறிய நேர் மின்னூட்டத்தை வைத்தால் அது அங்கேயே நிற்குமா? கொஞ்சம் தள்ளி வைத்தால் கோடு போகும் வழியே போகுமா?

நிலைமின் (#18)

துல்லியமாக வைத்தால் விசை இல்லை, நிற்கும். ஆனால் நிலைக்காது. அச்சின் வழியே கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்கள், உதாரணமாக 45 செ.மீ. இடத்துக்கு: +4-இன் 178 வலப்பக்கம், −1-இன் 400 இடப்பக்கம். −1-ஐ நோக்கி ஓடிவிடும். வலப்பக்கம் 90 செ.மீ. இடத்துக்கு வந்தால் 44-க்கு எதிராக 25, வெளியே ஓடிவிடும். அச்சுக்குக் குறுக்காக மேலே கொஞ்சம் தள்ளினால் மட்டும் திரும்பி அச்சுக்கு வரும். எதிர் மின்னூட்டத்தை வைத்தால் இதெல்லாம் தலைகீழ்: அச்சின் வழியே திரும்பி வரும், குறுக்கே ஓடிவிடும். எல்லாப் பக்கமும் திரும்பி வரும் இடம், மின்னூட்டம் இல்லாத வெற்றிடத்தில் எங்குமே கிடையாது. ஏர்ன்ஷா 1842-இல் வெளியிட்ட தேற்றம் இது.

இரண்டாவது கேள்விக்கு: பொதுவாகப் போகாது. கோடு காட்டுவது அந்தந்தப் புள்ளியில் விசையின் திசையை, அதாவது முடுக்கத்தின் திசையை. நகர்வது திசைவேகத்தின் வழியே. ஓய்விலிருந்து விட்டால் முதல் அடி கோட்டின் வழியேதான். கோடு வளையத் தொடங்கியதும் துகள் தன் நிலைமத்தால் வளைவுக்கு வெளியே விலகிவிடும். கோடு நேராக இருந்தால் மட்டும் இரண்டும் ஒன்று.

அரைவட்டம் (#19)

கொஞ்சம் தள்ளி ஒரு கேள்வி. இந்தக் கணக்கு முழுதும் தொலைவின் "இருமடி"யை நம்பியிருக்கிறது. அந்த 2 உண்மையிலேயே 2 தானா? 2.01 என்று இருந்தால்?

திசைமானி (#20)

2.01 என்றால் சுழிப் புள்ளி 60-இலிருந்து சுமார் 0.2 செ.மீ. நகரும், அளந்து கண்டுபிடிப்பது கடினம். கூலூம் 1785-இல் முறுக்குத் தராசு வைத்துத்தான் அளந்தார். ஆனால் அதற்கு முன்பே, 1770-களின் தொடக்கத்தில், கேவண்டிஷ் இதைவிடச் சாமர்த்தியமான வழி ஒன்றைப் பிடித்தார். தொலைவின் அந்த அடுக்கு சரியாக 2 ஆக இருந்தால் மட்டுமே, சீராக மின்னூட்டப்பட்ட கோளக் கூட்டின் உள்ளே புலம் சுழியாகும். வெளிக்கோளத்துக்கு மின்னூட்டம் ஏற்றி, அதோடு இணைத்த உள்கோளத்துக்கு ஏதாவது போய்ச் சேர்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. 2-இலிருந்து விலகல் 1/50-ஐத் தாண்டாது என்று முடிவு கட்டினார். கட்டிவிட்டு வெளியிடவே இல்லை, 1879-இல் மேக்ஸ்வெல்தான் அதை அச்சுக்குக் கொண்டுவந்தார்! 1971-இல் வில்லியம்ஸ், ஃபாலர், ஹில் மூவரும் அதே கருத்தில் செய்த சோதனையில் விலகல் இருந்தாலும் 10⁻¹⁵-க்குள்தான் என்று தெரிந்தது.

குமிழ் (#21)

மறைப்பு விஷயத்தில் சமாதானம் ஆகிவிட்டேன். இன்னொன்று. −1 இருக்கும் இடத்திலேயே புலம் எவ்வளவு? தொலைவு சுழி என்று போட்டால் வாய்பாடு முடிவிலிக்குப் போகிறது. அப்படியென்றால் −1 மீது முடிவிலி விசையா?

நிலைமின் (#22)

ஒரு மின்னூட்டத்தின் மீதான விசைக்கு அதன் சொந்தப் புலத்தைச் சேர்ப்பதில்லை, மற்றவற்றின் புலம் மட்டும்தான். −1 இருக்கும் இடத்தில் +4-இன் புலம் 36 ÷ 0.09 = 400 நியூட்டன்/கூலூம். விசை 400 × 10⁻⁹, அதாவது 4 × 10⁻⁷ நியூட்டன், +4-ஐ நோக்கி. மறுபக்கமும் பாருங்கள்: +4 இருக்கும் இடத்தில் −1-இன் புலம் 100 மட்டும்தான், ஆனால் அதை உணரும் மின்னூட்டம் நான்கு மடங்கு. விசை அதே 4 × 10⁻⁷. புலங்கள் சமமில்லை, விசைகள் சமம். நியூட்டனின் மூன்றாம் விதிக்குச் சிக்கல் இல்லை.

கயல் (#23)

நானே ஒன்று போட்டுப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள். வட்டத்தில் கடிகார எண்கள் இருக்கும் 12 இடங்களிலும் சமமான நேர் மின்னூட்டங்கள். மையத்தில் புலம் சுழி, ஒவ்வொன்றுக்கும் நேரெதிரே ஒன்று இருப்பதால். 3-ஆம் இடத்தில் உள்ளதை மட்டும் எடுத்துவிட்டால், 9-ஆம் இடத்தில் உள்ளதை ஈடுசெய்ய ஆள் இல்லை. ஆகவே மையத்தில் புலம் ஒரே ஒரு மின்னூட்டத்தின் அளவு, திசை 9-ஐ விட்டு விலகி, காலியான 3-ஐ நோக்கி.

திசைமானி (#24)

சரி. 11 அம்புகளைக் கூறுகளாகப் பிரிக்காமலேயே முடித்துவிட்டீர்கள். இப்போது 3-ஆம் இடத்தை வெறுமையாக விடாமல் அங்கே அதே அளவு எதிர் மின்னூட்டத்தை வையுங்கள். மையத்தில் என்ன?

கயல் (#25)

9-இன் அம்பு 3-ஐ நோக்கி, 3-இன் அம்பும் தன்னை நோக்கி. ஒரே பக்கம். இரண்டு மடங்கு.